காடோ ஊரோ: நாற்பத்தேழாம் நம்பர் காணிக்குப் போய் வந்த கதை

ஒரே இடத்துக்கு ஒரு வருடத்துக்குள் மூன்று பெயர் சொல்லுகிற ஆளை நம்பலாமா? நான் நம்பவில்லை. அந்த ஆள் என் கணவர் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நம்பவில்லை.

வன்னியில் அரசாங்கம் காடு வெட்டிப் பங்கிட்ட காணிகளில் இவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. போன புதிதில் அந்த இடம் 'காடு'. "காட்டிலை கிடந்து சாகிறன்" என்று சொல்லிச் சொல்லியே, வீட்டுக்கு வந்த நேரமெல்லாம் மீன் குழம்பில் நடுத்துண்டை வாங்கிச் சாப்பிட்டார். ஆடியில் வந்தபோது அது 'தோட்டம்' ஆகிவிட்டது. தைப்பொங்கலுக்கு வந்தவரின் வாயில் 'எங்கடை ஊர்' என்று வந்தது. மரம் நின்ற இடத்தில் நெல் வளரலாம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருடத்துக்குள் காடு ஊராக வளருமா?

மற்றவர்களைக் கேட்டாலும் தெளிவில்லை. மாமி அதைக் 'கண்காணாத இடம்' என்றா. என் தமையன் அரசாங்கக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எழுதுவினைஞர். அவருக்கு அது 'தண்ணியில்லாக் காடு'. மேலதிகாரியோடு கொழுவிக்கொண்டவர்களை மாற்றி அனுப்புகிற இடங்களுக்கெல்லாம் அவர்களிடம் அந்த ஒரே பெயர்தான். பத்திரிகையில் 'பின்தங்கிய பிரதேசம்' என்று போடுகிறார்கள். தேர்தல் மேடையில் அதுவே 'நாளைய நெற்களஞ்சியம்'. இத்தனை பேரில் ஒருவராவது அங்கே போயிருக்கிறாரா என்று விசாரித்தேன். ஒருவரும் இல்லை.

இதெல்லாம் வெறும் பெயர்ப் பிரச்சினை என்றால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஆனால் காணிக் கந்தோரில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். காணி கிடைத்தவர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். சித்திரைக்குள் நானும் நாலு வயது மகளும் அங்கே போகாவிட்டால் காணி வேறு ஒருவருக்குப் போய்விடும். போனாலோ, சாவகச்சேரியில் நான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பூட்ட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் வேலிக்கு வேலி ஆட்கள். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதை விட்டு, பெயரே நிலையில்லாத ஓர் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதா? போய்ப் பார்க்காமல் ஓம் என்று சொல்லக் கூடாது, சொல்லிக்கொண்டு போனால் உள்ளது தெரியாது. ஆகவே மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இவருக்கு அறிவிக்காமல் புறப்பட்டேன். காணி கிடைத்த கணவன்மாரின் மனைவிமார் சிலராவது இதை வாசிப்பீர்கள் என்று நினைத்து, போன வழியை விபரமாகவே எழுதுகிறேன்.

மகளை மீசாலையில் மாமியிடம் விட்டேன். முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி என்று மாமிக்குச் சொன்னேன். பிள்ளையார் பொறுத்துக்கொள்வார், அவரும் ஒரு குடும்பத்துப் பிள்ளைதானே. பாம்புக்குப் பயந்து தமையனின் பழைய கன்வஸ் சப்பாத்தைக் கடதாசி திணித்துப் போட்டுக்கொண்டேன். அவருடைய கறுப்புக் குடையையும் தோற்பையையும் எடுத்துக்கொண்டேன். வழியில் யாரும் ஏமாற்றாமல் இருக்க ஒரு கண்டிப்பான தோற்றம் வேண்டும் என்பது என் எண்ணம். அந்தத் தோற்றத்தால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

காலை ஏழு மணிப் புகைவண்டி. சாவகச்சேரியிலிருந்து பரந்தனுக்கு இருபத்தாறு மைல் வரும். மூன்றாம் வகுப்பில் ஒன்றேகால் ரூபாயோடு முடிந்தது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர், உப்பு, வெயில். யன்னல் கரையில் இருப்பவர்கள் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், கரித்தூள் அள்ளி வீசுகிறது. எட்டரைக்குப் பரந்தனில் இறங்கினேன். முல்லைத்தீவுப் பாதையில் போகும் பஸ் ஒன்பதரைக்கு என்றார்கள், வந்தது பத்தேகாலுக்கு. பஸ் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகு நேரம் ஒழுங்காகிவிட்டது என்று சொல்பவர்கள் பரந்தனில் நின்று பார்க்கவில்லை.

கண்டாவளைக்குத் திரும்பும் பாதையைத் தாண்டிச் சில மைல் போனதும் கண்டக்டரிடம் இடத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது உள்ளுக்கை எல்லோ. றோட்டிலை இறக்கி விடுறன். அங்காலை உங்கடை பாடு."

'உள்ளுக்கை' என்பது அந்தப் பக்கத்தில் நான் கேட்ட முதல் சொல். எதற்கு உள்ளே என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். இறங்கிய இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு பாலை மரம், அதன் கீழே ஒரு மாட்டு வண்டில். வண்டில்காரர் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி. கருவாடு, மண்ணெண்ணெய், சீத்தைத் துணி என்று குடியேற்றத்துக்குக் கொண்டுபோய் விற்று, நெல்லும் தேனும் வாங்கி வருகிறவர். எல்லாரும் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்றே கூப்பிட்டார்கள்.

"நாற்பத்தேழாம் நம்பர் காணிக்குப் போக வேணும்," என்றேன்.

நானா என் குடையைப் பார்த்தார். தோற்பையைப் பார்த்தார். சப்பாத்தில் அவருடைய பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "ஆரின்ரை காணி அது?" என்று கேட்டார்.

இதைத்தான் நான் யோசிக்காமல் வந்துவிட்டேன். கணவன் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். கலியாணமாகி ஆறு வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்று என்னத்தைச் சொல்வது? "நம்பரைச் சொன்னேனே, அது போதும்," என்றேன்.

"கந்தோரிலையிருந்தோ வாறியள்?"

இந்த ஆள் ஏன் இவ்வளவு விசாரிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. "எங்கையிருந்து வந்தால் உங்களுக்கு என்ன? கூலி தாறன், கொண்டுபோய் விடுங்கோ," என்றேன். அவர் தேத்தண்ணிக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அது நல்ல பார்வையாக எனக்குப் படவில்லை.

வண்டில் புறப்படுமுன் நானா இரண்டு கையையும் வாயில் குவித்து, "கூஊ, கூஊ" என்று காட்டைப் பார்த்து நீளமாகக் கூவினார். வெகு தூரத்திலிருந்து அதேபோல ஒரு சத்தம் திரும்பி வந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று.

"என்ன அது?"

"பெரியவர் பாதையிலை நிண்டால் விலத்தட்டும் எண்டுதான்."

யானையை அந்தப் பாதையில் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். சரி. ஆனால் யானையை விரட்டக் கூவினால் காட்டுக்குள்ளிருந்து ஏன் மனிதர்கள் பதில் சொல்கிறார்கள்? கள்ளர் கூட்டத்துக்குக் குறிப்புக் காட்டுகிறாரோ என்று நினைத்து, தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன்.

றோட்டிலிருந்து காணிக்கு நாலு மைல். 'றோட்டுக்குக் கிட்ட' என்று இவர் சொன்ன தூரம் அது. வண்டில் பாதையில் இரண்டு மணித்தியாலம் போயிற்று. பாலை, வீரை மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றன. ஒரு மைலுக்குப் பிறகு மனம் கேட்காமல், "அந்தக் காணிக்காரர் எப்பிடி ஆள்?" என்று விட்டுப் பார்த்தேன்.

"தங்கமான மனிசன்," என்றார் நானா உடனே. "மனிசி பிள்ளையளோடை ஒழுங்காக் குடியிருக்கிறார்."

"மனிசி பிள்ளையளோடையோ?"

"ஓம். என்ரை கண்ணாலை காணுறனான். அவா நல்ல உழைப்பாளி. ரெண்டு பிள்ளையள். ரெண்டும் பொடியங்கள்."

காடு ஏன் தோட்டமாயிற்று, தோட்டம் ஏன் ஊராயிற்று என்று அப்போதுதான் விளங்கியது போல இருந்தது. அழுகை வந்தது, இந்த மனிதருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பிப் போகலாம் என்றும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவளுடைய முகத்தைப் பாராமல் போனால் வாழ்நாள் முழுக்க நித்திரை வராது.

காடு விட்டு வெளித்தது. குளக்கட்டு, வாய்க்கால், அதன் ஓரமாக வீடுகள். வீடுகள் என்றால் எங்களுடையவை போலச் சேர்ந்தவை அல்ல. ஒன்றிலிருந்து மற்றது கூப்பிடு தூரம். நடுவில் வயலும் புதர்ப் பத்தையும்தான். நாற்பத்தேழாம் நம்பரில் மண் சுவர் வைத்து இலுக்குப் புல்லால் வேய்ந்த சின்ன வீடு. முற்றத்துக் கொடியில் ஒரு பச்சைக் கரைச் சேலை தொங்கியது. பக்கத்தில் இரண்டு சின்னக் காற்சட்டை.

நானா என்னை இறக்கிவிட்டு, கூலியைக்கூட எண்ணிப் பாராமல் மாட்டைத் தட்டி ஓட்டினார்.

வீடு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போனேன். தேத்தண்ணி குடித்த கோப்பையை இருந்த இடத்திலேயே விட்டு எழும்புகிற மனிதரின் குசினி, சாணியால் மெழுகிப் பளிச்சென்று இருந்தது. சட்டி பானை கழுவிக் கவிழ்த்தபடி. கூரை வளையில் ஒரு சின்ன ஊஞ்சல், புதுக் கயிற்றில். எங்கள் மகளுக்கு இவர் ஓர் ஊஞ்சல் கட்டித் தந்ததில்லை. அதைக் கண்டதும் அடக்கி வைத்த அழுகை எல்லாம் வந்துவிட்டது. அழுது முடித்து முகத்தைக் கழுவினேன். சேலைக்கு உரியவள் அதை எடுக்க வந்துதானே ஆக வேண்டும் என்று வாசலில் குந்தினேன். பின்னேரம் முழுவதும் ஒருவரும் வரவில்லை. தூரத்து வீடுகளில் தலைகள் தெரிந்து தெரிந்து மறைந்தன. நான் பார்த்தால் உள்ளே போய்விடுவார்கள். ஊரே சேர்ந்து மறைக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன்.

பொழுது படுகிற நேரம் உள்ளே போய்க் குப்பிவிளக்கைக் கொளுத்தினேன். கொளுத்திய கையோடு, குளக்கட்டுப் பக்கம் "கூஊ" என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் அடுத்த சத்தம், கொஞ்சம் கிட்ட. பிறகு இன்னும் கிட்ட. வரிசையாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடைசியில் பக்கத்துக் காணியில் கூவினார்கள். மறுபடி கூவினார்கள். மூன்றாம் முறை இன்னும் பலமாக.

தனியே ஒரு பெண் இருப்பது தெரிந்து சுற்றி வளைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. விளக்கை ஊதி அணைத்தேன். கதவுக்குத் தடி போட்டேன். மூலையில் நின்ற உலக்கையை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அவ்வளவுதான். நாலு பக்கமும் ஆட்கள் ஓடி வருகிற சத்தம். கதவு நீக்கலால் பந்த வெளிச்சம் தெரிந்தது.

"விளக்கு நூந்து போச்சு! ஓடி வாங்கோ!" என்று ஒரு பெண் குரல். பிறகு கதவடியில் அதே குரல்: "அம்மா! உள்ளுக்கை இருக்கிறியளோ? பாம்பு கடிச்சதோ? சத்தம் போடுங்கோ அம்மா!"

கள்ளர் இப்படிக் கேட்கமாட்டார்கள். கதவைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர், கையில் பந்தமும் கோடரியும் தடியும். முன்னால் நின்றவ மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒரு தடித்த பெண். பெயர் சின்னத்தங்கம் என்று பிறகு தெரிந்தது. அவவுக்குப் பின்னால் நானா. அவரைக் கண்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்கை அவள்?" என்று கத்தினேன்.

"எவள் அம்மா?"

"இந்தச் சேலைக்காரி!"

சின்னத்தங்கம் கொடியைத் திரும்பிப் பார்த்தா. "அது என்ரை சேலையம்மா," என்றா.

உலக்கையை ஓங்கிவிட்டேன். சத்தியமாக ஓங்கினேன். அப்போதுதான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு, இவர் ஓடி வந்தார். குளத்தில் தண்ணீர் திறப்பதைப் பார்க்கப் போனவராம். என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

"இஞ்சேர்... நீ எப்ப வந்தனி?"

நானா ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை இவரைப் பார்த்தார். "அல்லாவே! இவா கந்தோர் இல்லை, வீட்டுக்காரி!" என்றார்.

பிறகு நடந்த சிரிப்பை எழுத எனக்கு விருப்பமில்லை. விஷயம் இதுதான். அந்தக் குடியேற்றத்தில் என்னைப் போல வராமல் இருக்கிற மனைவிமார் பலர். கந்தோர் ஆட்கள் சோதிக்க வந்தால் றோட்டிலிருந்து நானா போன்றவர்கள் கூவி அறிவிப்பார்கள். உடனே குடும்பத்தோடு இருக்கும் பெண்கள் ஓடிப்போய், தனியாள் வீட்டுக் கொடிகளில் தங்கள் சேலையையும் பிள்ளைகளின் உடுப்பையும் போட்டுவிடுவார்கள். நம்பர் கேட்டு, பெயர் சொல்லாமல், குடையும் சப்பாத்துமாக வந்த என்னைக் கண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சின்னத்தங்கத்துக்கு இரண்டு பொடியங்கள். ஆகவேதான் இவருக்கும் இரண்டு.

மற்றக் கூவல் வேறு. பொழுது படும்போது குளக்கட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடும் கூவ வேண்டும், அடுத்த வீடு பதில் கூவ வேண்டும். யானை அடித்துப் போட்டதையோ பாம்பு கடித்ததையோ தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆள் இல்லாத வீடென்றால் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். இவரும் சொல்லித்தான் போயிருந்தார். ஆனால் வீட்டில் விளக்குத் தெரிந்தது, கூவினால் பதில் இல்லை, பிறகு விளக்கும் அணைந்தது.

"கந்தோர்க்காரி எண்டு நினைச்சுக்கொண்டோ ஓடி வந்தனியள்?" என்று சின்னத்தங்கத்தைக் கேட்டேன். அவ சேலையைக் கொடியிலிருந்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தா.

"பதில் வராட்டி வருவம். அதுக்கு ஆரெண்டு பாக்கிறேல்லை," என்றா. "காணியை எடுக்க வந்தனியளெண்டு எனக்குக் கோவம்தான். அதுக்காகப் பாம்பு கடிச்சுக் கிடவுங்கோ எண்டு விடேலுமோ?"

எல்லாரும் போன பிறகு, "ஊஞ்சல் ஆருக்கு?" என்று இவரைக் கேட்டேன். என் குரலில் இன்னும் கொஞ்சம் உலக்கை இருந்தது.

"ஆருக்கெண்டு கேக்கிறாய். போன கிழமைதான் கட்டினனான். நீங்கள் ரெண்டு பேரும் வந்தால் அவள் ஒண்டும் இல்லையெண்டு அழுவாளே," என்றார். குசினியை மெழுகியதும் அவரேதானாம். நம்ப முடியாமல் மறுநாள் மெழுகிக் காட்டச் சொன்னேன். மெழுகினார், என்னிலும் நன்றாக.

வியாழன்வரை நின்றேன். ஒரு மயக்கத்தில் எல்லாவற்றையும் நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரை மூன்று நேரமும் குடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீரை விட உப்புக் குறைவு. நுளம்புக் கடி எங்கள் ஊரை விடப் பத்து மடங்கு. பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டில், ஒன்றரை மைல். அவசரமென்றால் வண்டிலில் றோட்டுக்கு வந்து பஸ் பிடித்துத்தான் ஆஸ்பத்திரி. அடுத்த வருடம் கல் றோட்டு வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. செவ்வாயும் புதனும் பின்னேரத்தில் நானே கூவினேன். முதல் நாள் குரல் வரவில்லை, வெட்கம். அடுத்த நாள் குளக்கட்டு வரைக்கும் கேட்டதாகச் சின்னத்தங்கம் சொன்னா.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலைப் புகைவண்டியை விட்டால் அன்று வண்டில் கிடையாது. நுளம்பு வலையும் உப்பும் நெருப்புப்பெட்டியும் கட்டாயம். கடையில் நானாவுக்காகக் காத்திருங்கள். அவர் பொய் சொல்வார், ஆனால் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவார். கறுப்புக் குடை, தோற்பை, சப்பாத்து மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகாதீர்கள். கணவன் பெயரைத் துணிந்து சொல்லிவிடுங்கள், ஆயுள் ஒன்றும் குறையாது என்று நினைக்கிறேன். (நான் இங்கே எழுதவில்லைத்தான். எழுத்து வேறு, வாய் வேறு.) அந்த இடம் காடா ஊரா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டாம், அது ஒன்றையும் காட்டாது. பொழுது பட்டபின் உங்கள் வீட்டிலிருந்து சத்தம் வராவிட்டால் யார் வருவார் என்று கேளுங்கள்.

வியாழன் பின்னேரம், மகளை மறுநாள் கூட்டி வரலாம் என்று, நேரே சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். வீடு நான் பூட்டிவிட்டுப் போனபடியே கிடந்தது. முற்றத்தில் நாலு நாள் சருகு. திங்கள் இரவு, செவ்வாய் இரவு, புதன் இரவு, மூன்று இரவும் அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. படலையைத் திறக்கும் சத்தம் கேட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பரிமளம் எட்டிப் பார்த்தா. பிறந்த நாள் தொடக்கம் எனக்கு அவவைத் தெரியும். எங்கள் இருவரின் கிணற்றடிக்கும் இடையில் பத்தடி இல்லை.

தோற்பையைப் பார்த்துவிட்டுப் பரிமளம் கேட்டா: "என்ன, சந்தைக்குப் போயிட்டோ வாறாய்?"

"ஓம்," என்றேன்.

உள்ளே போய் விளக்கைக் கொளுத்திவிட்டு, பரணிலிருந்த சாக்குகளை இறக்கிச் சட்டி பானைகளைக் கட்டத் தொடங்கினேன்.